கூட்டிச் சொன்ன இரண்டு வயது

“இந்தக் கையெழுத்து யாருது, ராவுத்தரே?”

தலைமையாசிரியர் சௌரிராஜன் பழைய சேர்க்கைப் பதிவேட்டைத் திருப்பி வைத்தார். சேக் இஸ்மாயில் குனிந்து பார்த்தார். பத்தொன்பது வருஷத்துக்கு முன் அவர் போட்டதுதான்.

“என்னுதுதான் சார். வயசை ரெண்டு கூட்டிச் சொல்லிட்டேன். அஞ்சு வயசுப் பயலை ஏழுன்னேன்.”

“எதுக்கு?”

“நேரா ரெண்டாம் வகுப்புல சேத்துக்குவீகன்னுதான். வெரசா முடிச்சிட்டுக் கடைக்கு வரட்டும்னு...”

அப்போது ரங்கூனுக்குக் கைலி அனுப்பும் கடை நடந்தது. இங்கிலீஷில் கடிதம் எழுத ஓர் ஆள் வேண்டும். அதற்கு மேல் படிப்பு எதற்கு? மகன் அலீம் பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை முடித்துக் கடைக்கு வந்தான். மூன்றே வருஷம். வியாபார மந்தத்தில் ரங்கூன்காரர்கள் சரக்கு வேண்டாம் என்றார்கள். கடையை மூடிவிட்டு இஸ்மாயில் இன்னொருவர் ஜவுளிக்கடையில் துணி கிழிக்கப் போனார். மகனுக்காகப் படியேறிய இடமெல்லாம் ஒரே கேள்வி: பி.ஏ.வா? முன்பு நாலாம் பாரம், அதாவது ஒன்பதாவது, படித்தவனையே கூப்பிட்டு வேலையில் உட்காரவைத்த பஞ்சுக் கிட்டங்கிகூட அதைத்தான் கேட்டது. மனைவி ஜெயினம்பின் நகைகள் காலேஜுக்குப் போயின. அலீம் பி.ஏ. முடித்தும் இரண்டு வருஷம் ஆகிவிட்டது. இப்போது கலெக்டர் ஆபீசில் ஒரு குமாஸ்தா வேலை காலி. வயது இருபத்தைந்தைத் தாண்டக்கூடாது. மனுக் கொடுக்க நாளை கடைசி. அலீமுக்கு இருபத்துநாலு, சர்டிபிகேட்டில் இருபத்தாறு.

“பொறப்பைப் பதிஞ்ச சீட்டு இருக்கா?”

“பிரசவம் எம் பொஞ்சாதியோட அம்மா வீட்ல சார். திருமங்கலத்துக்கு அங்கிட்டு, பட்டிக்காடு. யாரு பதிஞ்சா? நான் பொய் சொன்னேன்னு இப்பவே எழுதித் தாரேன்.”

“அன்னைக்குச் சொன்னது பொய்யா, இன்னைக்குச் சொல்றதான்னு எனக்கு எப்படித் தெரியும்? வாரத்துக்கு ரெண்டு தகப்பனார் வர்றாங்க. எல்லாருக்கும் பிள்ளைக்கு ரெண்டு வயசு குறையணும். சர்டிபிகேட் குடுத்தப்புறம் நான் கை வைக்க முடியாது, ராவுத்தரே.”

வீட்டு வாசலிலேயே அலீம் நின்றான்.

“என்னாச்சு அத்தா?”

“முடியாதாம்.”

“சரி, விடுங்க.”

அடுப்படியிலிருந்து ஜெயினம்பு சொன்னாள்: “ஊரே பிள்ளைக்கு வயசைக் குறைச்சுச் சொல்லுது. உங்க அத்தாதான் கூட்டிச் சொன்ன ஆளு. அம்புட்டு அவசரம்!”

அலீம் சிரித்துவிட்டான். கோபித்திருந்தால் தேவலை என்று இருந்தது இஸ்மாயிலுக்கு. 

மறுநாள் மனு போகவில்லை. இஸ்மாயில் எட்டு மணிக்குக் கடைக்குப் போனார். அன்று கூட்டம் குறைவு. அலீம் செல்லூரில் ஒரு தறிக்காரரிடம் இங்கிலீஷில் கடிதம் எழுத ஆள் வேண்டுமென்று கேள்விப்பட்டுப் போனான். பி.ஏ. படித்தவர் இங்கே நிலைக்கமாட்டார் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டான். சாயங்காலம் மழை தூறியது.