ரிவர்ஸ் கியரில் ஒரு நேர்காணல்

ரொட்டி அக்காவை அந்த வட்டாரத்துக் கடைக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். பத்தொன்பது வருடமாகப் பேக்கரி வேன் ஓட்டுகிறாள். காலித் தட்டு ஒன்று குறைந்தாலும் கடைக்காரரைப் பேசியே ஒரு வழி பண்ணிவிடுவாள். ஆனால் அதிகாரி என்று ஒருவர் முகத்துக்கு நேரே உட்கார்ந்துவிட்டால் போதும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பஸ் டிப்போவில் மேற்பார்வையாளர் வேலைக்கு இரண்டு முறை நேர்காணலுக்குப் போனாள். முதல் முறை பெயர் கேட்டதற்கு லைசென்ஸை எடுத்து நீட்டினாள். இரண்டாம் முறை, இந்த வேலை ஏன் வேண்டும் என்று கேட்டார்கள். அதிகாரியின் தண்ணீரை எடுத்துக் குடித்துவிட்டு வந்தாள். வயது வரம்புப்படி இந்த வருடம்தான் கடைசி. முதுகு வேறு, இனிமேல் ரொட்டித் தட்டு தூக்க மாட்டேன் என்று அடம் பிடித்தது.

இந்த முறை நேர்காணல் வீட்டிலிருந்தே, கம்ப்யூட்டர் வழியாக. போனில் பேசக் கூடாது என்று கடிதத்தில் கண்டிப்பாகப் போட்டிருந்தார்கள். மகள் விட்டுப்போன லேப்டாப் ஒன்று இருந்தது. அதன் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. ஒயரைப் பிடுங்கினால் அந்த நொடியே அணையும். நேர்காணல் நாளாகப் பார்த்துத் தெருவுக்கே கரண்ட் போனது.

"கவலப்படாதக்கா, வேன்ல பேட்டரி இருக்கு, நான் இருக்கேன்" என்றான் பக்கத்து வீட்டு எலெக்ட்ரீஷியன் தம்பி. பேட்டரி கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வெர்ட்டர் பெட்டியைக் கொண்டுவந்து, வேனுக்கு அடியில் படுத்து, ஏதோ ஒரு ஒயரோடு சேர்த்தான். லேப்டாப் அசையவில்லை. ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தார்கள். கியரை ரிவர்ஸில் போட்டதும் அதற்குப் பளிச்சென்று உயிர் வந்தது. தம்பி பிடித்தது ரிவர்ஸ் லைட்டுக்குப் போகும் ஒயர்.

"மாத்துடா."

"நேரமில்லக்கா. கியர்ல கை வைக்காம உக்காரு. பேசி முடிக்கிற வரைக்கும் எங்க போகப்போற நீ?"

போனிலிருந்து நெட் கொடுத்து, லேப்டாப்பைப் பக்கத்து சீட்டில் வைத்தாள். திரையில் மூன்று அதிகாரிகள் தோன்றினார்கள். "உங்க பேரு சொல்லுங்க" என்றார் நடுவில் இருந்தவர். ரொட்டி அக்கா வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. பாவம், அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துக் குப்பை லாரி ஒன்று சந்துக்குள் நுழைந்து, வேனின் மூக்குக்கு நேரே நின்று ஹாரன் அடித்தது. சந்தோ ஒரு வண்டி அகலம். தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன? இன்ஜினைக் கிளப்பினாள். திரை ஒரு தரம் கண் சிமிட்டிவிட்டுப் பிழைத்துக்கொண்டது. பக்கக் கண்ணாடியில் கண்ணை வைத்து மெல்லப் பின்னால் எடுத்தாள். தம்பி பின்பக்கம் ஓடி, "வரலாம், வரலாம்!" என்று கத்தினான்.

"பேரு கேட்டோமே" என்றார் அதிகாரி.

கண்ணாடியைப் பார்த்தபடியே பெயரைச் சொன்னாள். சொன்ன பிறகுதான், சொல்லிவிட்டோம் என்பதே அவளுக்கு உறைத்தது.

"ஒரே நேரத்துல பத்து பஸ் உள்ள வந்தா என்ன பண்ணுவீங்க?"

"முதல்ல கிளம்பறத முன்னாடி நிறுத்துவேன் சார். ரொட்டித் தட்டும் அப்படித்தான் அடுக்குவோம், கடைசிக் கடைக்கு உள்ளது அடியில."

"டிரைவர் சொல்பேச்சு கேக்கலன்னா?"

"டேய், சைக்கிள எடுடா! உங்கள இல்ல சார். கேக்க வைப்பேன் சார்."

சந்து முடிந்து இன்னொரு சந்து வந்தது. லாரியும் விடாமல் எதிரே வந்தது. மருந்துக் கடையும் தையல் கடையும் ஜன்னலில் பின்னாலிருந்து முன்னோக்கி நகர்வதை மூன்று அதிகாரிகளும் வாய் பிளந்து பார்த்தார்கள்.

"கடைசியா ஒண்ணு. ஏம்மா பின்னாடியே போய்க்கிட்டு இருக்கீங்க?"

"முன்னாடி போனா நீங்க அணைஞ்சிடுவீங்க சார்."

ஒயர் கதையை ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். நடுவில் இருந்தவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். "ரெண்டு சந்து, ஒரு உரசல் இல்ல. எங்க டிரைவருங்களுக்கே இது வராது. திங்கக்கிழமை வேலைக்கு வந்துடுங்க. சம்மதம்தானே?"

அகலமான தெருவுக்கு வந்தாயிற்று. கிளட்சையும் பிரேக்கையும் மிதித்து வேனை நிறுத்தி, வண்டியைக் கிளப்பிய பிறகு முதல் முறையாகத் திரையை நேராகப் பார்த்தாள். மூன்று முகங்கள். நாக்கு போய் ஒட்டிக்கொண்டது.

"சம்மதமா, இல்லையாம்மா?"

தம்பி ஜன்னலுக்கு வெளியே நின்று கையெடுத்துக் கும்பிட்டான். ரொட்டி அக்கா முகத்தைத் திருப்பிப் பக்கக் கண்ணாடியைப் பார்த்தாள்.

"வரேன் சார்!" என்றாள், தெருவுக்கே கேட்கிற மாதிரி.