சுண்ணாம்பு அடித்த வீட்டின் தண்ணீர் வரி

எந்த ஊர் முனிசிபல் ஆபீஸ் என்று எழுதப்போவதில்லை. ராஜபாளையத்தார் ஸ்ரீவில்லிபுத்தூர் என்று நினைத்துக்கொள்ளட்டும். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் ராஜபாளையம் என்று. இருவருக்கும் அது ஆறுதலாக இருக்கும்.

தண்ணீர் வரி எப்படி நிர்ணயமாகிறது என்று ஓய்வுபெற்ற பிறகும் கேட்கிறார்கள். குழாய்ச் செலவு, ஆள் சம்பளம், சர்க்கார் கடனின் தவணை எல்லாவற்றையும் கூட்டவேண்டும். ஊரிலுள்ள வீடுகளை வாடகைக்கு விட்டால் வருஷத்துக்கு என்ன கிடைக்கும் என்று மதிப்புப் போடவேண்டும். அந்த மதிப்பில் இத்தனை சதவீதம் என்று கவுன்சில் தீர்மானம் போடும். வீட்டுக்காரர் எவ்வளவு தண்ணீர் பிடித்தார் என்பதற்கு இந்தக் கணக்கில் இடமில்லை. குழாயில் தண்ணீர் வந்ததா என்பதற்கும் இல்லை.

மதிப்பை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை திருத்துவோம். ஏப்ரலில் புது வரி தொடங்கவேண்டும் என்பதால் மதிப்பீட்டு அதிகாரி டிசம்பர் கடைசியில், மழை ஓய்ந்ததும் கிளம்புவார். கிறிஸ்தவர்கள் கிறிஸ்மசுக்கு முன்பே வெள்ளையடித்திருப்பார்கள். மற்றவர்கள் பொங்கலுக்குத்தான் அடிப்பார்கள். இடைப்பட்ட அந்த வாரங்களில் கவுன்சிலர்களின் வீடுகளைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கும். ஒரு வருஷப் புகையும் பாசியும் சுவரில் அப்படியே நிற்கும். கிறிஸ்தவத் தெருவோ பளிச்சென்றிருக்கும். நான் சொல்லும் வருஷம் வந்த அதிகாரி அடுத்த ஜில்லாக்காரர், பார்த்ததை எழுதினார். நான் தலைமை எழுத்தர், எழுதியதைப் பதிந்தேன்.

அந்தத் தெருக் கோடியில் ஒரு விதவை இட்லி சுட்டு விற்று மகளை வளர்த்துவந்தார். ஊர்க் கிணறுகள் உப்பு. அந்தத் தண்ணீரில் அரைத்தால் இட்லி கல்லாகிவிடும். கொல்லைக் குழாயை நம்பித்தான் அவருடைய அடுப்பு எரிந்தது. மதிப்பு இரட்டிப்பாகி, நோட்டீஸ் வந்தது.

குறைக்கச் சொல்லி அவர் கொடுத்த மனுவைச் சேர்மன் விசாரித்தார். நான் பக்கத்தில் நின்றேன்.

"கர்த்தர் பிறந்ததுக்குச் சுண்ணாம்பு அடிச்சேன்யா. அதுக்கு எதுக்கு வரி?" என்றார் அந்த அம்மாள். "பொங்கல் கழிச்சு வந்து பாருங்க, அம்புட்டு வீடும் பங்களாவாத்தான் இருக்கும்."

கவுன்சிலர் ஒருவர் சிரித்தார். அவர் வீடு புகையேறிய வீடுகளில் முதலாவது.

"அது கிடக்கட்டும்மா. உங்க வீட்டை வாடகைக்கு விட்டா எம்புட்டு வரும்?" என்றார் சேர்மன்.

"யாருய்யா வருவா? முன்னாடி அடுப்பு, பின்னாடி ஆட்டுரலு. விடிஞ்சா பாதி ஊரு இட்லிக்கு நிக்குது. நீங்களுந்தான் ஆளனுப்பி வாங்குதிய."

எல்லாரும் சிரித்தார்கள். சேர்மனும் சிரித்தார். பிறகு பேனாவை எடுத்தார். "அப்ப வியாபாரம்னு சொல்லுங்க."

அந்த அம்மாளுக்கு அப்போது விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. வீட்டு உபயோகத்துக்குக் கொடுத்த குழாயில் வியாபாரம் செய்தால் மீட்டர் வைக்கவேண்டும். மீட்டர் அவர் செலவில், முன்பணம் கட்டவேண்டும், பிறகு ஓடிய தண்ணீருக்கெல்லாம் தனிக் கட்டணம். வாடகை மதிப்பைக் குறைக்க வந்த மனு தள்ளுபடியானது. மீட்டர் உத்தரவு அன்று மாலையே தயாரானது. எங்கள் ஆபீஸ் அவ்வளவு சுறுசுறுப்பாக இருந்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

முன்பணத்துக்கு வழியில்லாமல், குழாயே வேண்டாம் என்று அவர் எழுதிக்கொடுத்தார். மேஸ்திரி போய்க் கழற்றிக்கொண்டு வந்தார். அடுத்த அரையாண்டில் தண்ணீர் வரிக்குப் பில் போனது. அதைக் கையில் பிடித்தபடி அந்த அம்மாள் என் மேஜைக்கு வந்தார்.

"குழாயத்தான் பிடுங்கிட்டுப் போயிட்டியளே, பொறவு வரி எதுக்கு?"

"வரி குழாய்க்கு இல்லம்மா, வீட்டுக்கு."

"அப்ப வீட்டையும் கழட்டிட்டுப் போங்க."

அதற்கு விதி இல்லை.

தெருமுனைக் குழாயில் குடங்களின் வரிசைக்கு நடுவே நின்று எவ்வளவு பிடித்துவிட முடியும்? பற்றாக்குறைக்கு உப்புத் தண்ணீரைக் கலந்தார். சேர்மன் வீட்டு ஆள் வருவது முதலில் நின்றது. மற்றவர்கள் பிறகு நின்றார்கள். மகளை வன்னியம்பட்டிப் பக்கம் வயற்காட்டு வேலைக்கு அனுப்பினார். அதற்கப்புறம் எந்தக் கிறிஸ்மசுக்கும் அவர் வெள்ளையடிக்கவில்லை. "பண்டிகைக்கு வீடு இப்படியா இருக்கும்?" என்று வேதக்கோயில் உபதேசியார் கடிந்துகொண்டபோது, "அதிகாரி வருவாரு, பாக்கட்டும்" என்றாராம். திருத்தம் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறைதான் என்பதை யாரும் அவரிடம் சொல்லவில்லை போலிருக்கிறது.

ஐந்தாம் வருஷம், யுத்த காலத்தில், அதே டிசம்பர் கடைசியில் வேறொரு அதிகாரி வந்தார். தெரு முழுக்கப் பளிச்சென்றிருந்தது, அந்த ஒரு வீட்டைத் தவிர. கறுத்த சுவர், சரிந்த ஓடு, அணைந்த அடுப்பு. வியாபாரம் இல்லை என்று குறித்துக்கொண்டு மதிப்பைப் பாதிக்கும் கீழே இறக்கினார்.

வருஷாந்திர அறிக்கையில் அதை 'அளிக்கப்பட்ட நிவாரணம்' என்ற தலைப்பில் சேர்த்தோம். தலைப்பு சரியானதுதான். வேறு தலைப்பு அதில் கிடையாது.