கால்நடை – பன்றி – கிணறு

“ஏனுங்க, எரியறது ஊடா, மாட்டுச்சாளையா?”

மறுமுனையில் ஒருவர் கத்துவது அறை முழுக்கக் கேட்கிறது. ஆறுமுகசாமி கத்துவதில்லை. ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, கணினித் திரையில் இறங்கும் பட்டியலைப் பார்த்தபடி கேட்கிறார். “சாளைங்களா, சரிங்க. ஓலை வேஞ்சதா, சீட்டுப் போட்டதா? ஏன் கேக்கறேன்னா, ஓலைன்னா ஒரு விபாகம், சீட்டுன்னா வேற விபாகமுங்க.”

இதற்குள் வண்டி மணியடித்துக்கொண்டு வாசலைத் தாண்டிவிட்டது. ஓட்டுநர் ஏசுதாஸ் இந்தக் கேள்விகள் முடியும்வரை காத்திருப்பதை எப்போதோ விட்டுவிட்டார். “அண்ணன் அது என்ன தீயின்னு கண்டுபிடிக்கறதுக்குள்ள நாங்க அணைச்சுட்டு வந்துருவோம்” என்பார்.

எல்லைக்கு இந்தப் பக்கம், கேரளத்தில், பொள்ளாச்சி பேருந்துகள் புழுதி கிளப்பிப் போகும் சாலையில் இருக்கிறது அந்தத் தீயணைப்பு நிலையம். தொண்டனாகப் பெயர் கொடுத்திருப்பதால் ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் அங்கே சுவரோரமாக உட்கார்ந்திருப்பேன். ஆறுமுகசாமி ஒரு காலத்தில் வண்டியில் முதல் ஆளாகத் தொங்கிக்கொண்டு போனவர். கவிழ்ந்த லாரி ஒன்றை நிமிர்த்தப் போய் இடுப்பு பிடித்துக்கொண்ட பிறகு நாற்காலிக்கு வந்தார். வந்த சில நாட்களில் மென்பொருளும் வந்தது. நடந்தது எதுவானாலும் அதை ஒரு வகையில், இங்கத்திய பேச்சில் ஒரு ‘விபாகத்தில்’, அடக்கிப் பதிய வேண்டும். இரண்டு பேருக்கும் ஒருவரையொருவர் பிடித்துப்போயிற்று.

அந்த மென்பொருளைச் செய்தவர்கள் கடலோரத்தில் உட்கார்ந்து செய்திருக்க வேண்டும். கப்பல் தீக்கு மட்டும் ஒரு பக்கம் நிறைய வகைகள் இருக்கின்றன. தென்னை மரம் இல்லை. கள்ளிறக்க ஏறியவர் உச்சியில் தலைசுற்றி, மட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இறங்க மறுத்த அன்று, ஆறுமுகசாமி கொஞ்ச நேரம் மீசையை நீவிவிட்டு, ‘உயர்ந்த கட்டடம் – மின்தூக்கி இயங்கவில்லை’ என்பதை அழுத்தினார். கல்யாணத்துக்கு மறுநாள் வீங்கிய விரலோடும் கழற்ற முடியாத மோதிரத்தோடும் வந்த மாப்பிள்ளையை ‘இயந்திரத்தில் சிக்கிய உடலுறுப்பு’ என்று பதிந்தார். இயந்திரத்தின் பெயர் கேட்டது திரை. ‘மோதிரம்’ என்று எழுதினார். தயாரிப்பாளர் யார் என்றும் கேட்டது. யோசித்து, ‘பெண் வீட்டார்’ என்று சேர்த்தார்.

பட்டியலின் அடியில் ‘மற்றவை’ என்று ஒன்று உண்டு. அதன் பக்கம் அவருடைய அம்புக்குறி போனதை யாரும் பார்த்ததில்லை. “அது சோம்பேறிகளுக்கு வெச்ச விபாகமுங்க” என்பார். ‘மற்றவை’ அதிகமுள்ள நிலையங்களை ஜில்லா கூட்டத்தில் எழுப்பி நிற்கவைத்து விளக்கம் கேட்பார்கள். இந்த நிலையத்தை யாரும் எழுப்பியதில்லை. பிழையில்லாத பதிவுக்காக இந்த வருடம் அவர் பெயர் மெடலுக்குப் போயிருந்தது.

வீட்டிலும் இதே பழக்கம்தான். சாம்பார் அடிப்பிடித்த ஒரு நாள், “சமையலறை, கவனக்குறைவு, பரவவில்லை” என்றாராம். “கவனக்குறைவுன்னு போட்டீங்கன்னா நாளைல இருந்து நீங்களே ஒலை வெச்சுக்குங்க” என்றாராம் மனைவி செல்லாத்தாள். காரணத்தை உடனே ‘மின்கசிவு’ என்று மாற்றிக்கொண்டதாக அவரே சொல்லிச் சிரித்தார்.

பன்றி விஷயத்தில் சிரிக்க முடியவில்லை.

பங்குனி வெயில். கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே தோட்டம் வைத்திருக்கும் பழனாத்தாள் அழைத்தார். “கெணத்துக்குள்ள காட்டுப்பன்னி உழுந்து கெடக்குதுங்க. உசுரோட நீந்திட்டிருக்குது. செத்துப்போச்சுன்னா அந்தத் தண்ணிய மாடு மோந்துகூடப் பாக்காதுங்க. எனக்கு வேற தண்ணி இல்லீங்க.”

“காட்டுப்பன்னின்னு எப்புடிங்க தெரியும்?”

“காட்டுல இருந்து வந்துச்சுங்க.”

“அது வந்த வழிங்க. நான் கேக்கறது இனம்.”

மென்பொருளில் ‘வனவிலங்கு’ என்று தொட்டால் வேலை தானாக வனத்துறைக்குப் போய்விடும். தீயணைப்பு வண்டியைத் திரும்பி வரச்சொல்லும். வனத்துறை வண்டியோ வாளையார் பக்கம் யானைக்குப் பின்னால் போயிருந்தது. நாளைக்குத்தான் வரமுடியும் என்றார்கள். வண்டியோடு போயிருந்த இளம் வீரன் நவீன்குமார் கிணற்றடியிலிருந்து கூப்பிட்டான். “அண்ணா, வலைய எறக்கறதா, சுத்தி வெக்கறதா? பன்னி களைச்சுப்போச்சு. கண்ணு சொருகுது.”

ஆறுமுகசாமி மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். பிறகு வரிசையாக மூன்று இடத்தில் அழுத்தினார்: கால்நடை, பன்றி, கிணறு. “எறக்குடா” என்றார்.

கால்நடை என்றதும் திரை அதற்குரிய கேள்விகளைக் கேட்டது. உரிமையாளர்? பழனாத்தாள். உயிருடன் மீட்கப்பட்டதா? ஆம். உரிமையாளரிடம் ஒப்படைக்கப்பட்டதா? ‘ஆம்’ போடாமல் பதிவு மூடாது. போட்டார். ஒப்படைக்கப்பட்ட பன்றி, வலை பிரிந்ததும் நவீன்குமாரை மல்லாத்திவிட்டு, நிலக்கடலைக் காட்டை ஒரே கோடாகக் கிழித்துக்கொண்டு போயிற்று. உரிமையாளரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அன்று முழுக்க அவர் நல்ல மனநிலையில் இருந்தார். “பன்னி பன்னிதானுங்க. காடா ஊடாங்கறதெல்லாம் அது படுக்கற எடத்தப் பொறுத்தது” என்று டீ வாங்கிவந்தவரிடம்கூட விளக்கினார்.

மல்லாந்து விழுவதற்கு முன் நவீன்குமார் எடுத்திருந்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. அதில் கொம்புபோல வளைந்த கோரைப்பற்கள் பளிச்சென்று தெரிந்தன. வனத்துறையில் யாரோ அதைப் பார்த்துவிட்டுப் பதிவையும் திறந்து பார்த்தார்கள்.

மூன்றாம் நாள் பழனாத்தாள் குடையோடு வந்தார். குடையை மடக்காமலே உள்ளே நுழைந்தார்.

“ஏனுங்க, நா எப்பங்க பன்னி வளத்துனேன்?”

“உக்காருங்க அம்மிணி.”

“உக்காரறதெல்லாம் அப்பறம். நேத்து பாரஸ்டுல இருந்து ரெண்டு பேரு வந்து, பன்னி எவிடே, பன்னி எவிடேன்னு என்ர சமையக்கட்டுல பூந்து சட்டிய மோந்து பாத்துட்டுப் போறாங்க. நாளைக்குப் பன்னியக் கொண்டுபோய் ரேஞ்சாபீசுல காட்டோணுமாமா. இல்லீன்னா வெட்டித் தின்னுட்டேன்னு கேசுங்களாமா. நா முட்டைகூடத் தொடாதவ. செயிலுக்குப் போனா மாட்டுக்கு நீங்க தண்ணி காட்டுவீங்களா? அதுக்கு என்ன விபாகமுங்க?”

ஏசுதாஸ் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். ஆறுமுகசாமி நடந்ததைச் சொல்லி வனத்துறையைக் கூப்பிட்டுப் பார்த்தார். வாய்ச்சொல்லை எடுத்துக்கொள்ள முடியாது, பதிவில் என்ன இருக்கிறதோ அதுதான் என்றார்கள். அந்தப் பதிலை அவரே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறார். ரிசீவரை வைத்துவிட்டார்.

நிலைய அதிகாரி ஜிபி கோட்டயத்துக்காரர். தமிழை ஜாக்கிரதையாகப் பேசுவார். “சாமியண்ணா, விபாகம் மாத்தணும்னா ஜில்லா ஆபீஸுக்கு அபேட்சை, அதான் மனு, கொடுக்கணும். அவங்க பாஸாக்கி வரும்போ இவங்களுக்குக் கோர்ட்டு தேதி வந்திருக்கும். நாம மாத்த முடியறது உரிமையாளர் பேரு மட்டும்தான்.”

“எடுத்துர்றேனுங்க சார்.”

“எடுத்தா வேற பேரு கேக்கும். ஒப்படைச்சாச்சுன்னு போட்டிருக்கீங்களே.”

ஆறுமுகசாமி பழனாத்தாளின் பெயரை ஓர் எழுத்தாக அழித்தார். கட்டம் வெறுமையாகி, ஓரத்தில் சிவந்தது. ‘தெரியவில்லை’ என்று அடித்துப் பார்த்தார். ஏற்கவில்லை. ‘காடு’ என்று அடித்தார். தொலைபேசி எண் கேட்டது.

பழனாத்தாள் குடையை மடக்கினார்.

ஒற்றை விரலால் அவர் நிதானமாக அடித்ததை அவர் முதுகுக்குப் பின்னால் நின்று படித்தேன்: ஆறுமுகசாமி. கீழே அவருடைய கைபேசி எண்.

ஜிபி குனிந்து பார்த்தார். “அண்ணா, கேஸ் உங்க மேல வரும். மெடலுக்குப் போன ஃபைலும் திரும்பி வரும்.”

“தப்பா அழுத்துனது இந்த வெரலுங்க சார்” என்று பதிவை மூடினார்.

“அவுங்க உங்களுக்குப் போன் பண்ணி, நீங்க ஆமான்னு சொல்றத என்ர காதால கேக்காம நா இந்த எடத்த உட்டு எந்திரிக்க மாட்டேன்” என்று பழனாத்தாள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு டீ வந்தது. குடித்தார். சர்க்கரை பத்தவில்லை என்றார்.

மத்தியானம் மேசைமேல் ஆறுமுகசாமியின் கைபேசி அதிர்ந்தது. வனத்துறை எண். அவர் நாற்காலியின் கைப்பிடிகளை ஊன்றி, இடுப்பு வலியில் முகம் சுளித்தபடி எழுந்து நின்றார். திறந்துகிடந்த சட்டையின் மேல்பொத்தானைப் போட்டுக்கொண்டார். பிறகுதான் எடுத்தார்.

“ஆமாங்க சார். என்ர பன்னிதானுங்க.”