யார் கட்டின சேலை?

மூன்று வருடத்துக்கு முன்னால் ஓர் ஆவணி மாதம் நடந்தது இது. அப்போது நான் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் பி.காம். கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். படிப்போடு சேர்த்து ஒரு வியாபாரமும் பண்ணினேன் என்று சொன்னால் என் அண்ணன் இப்போதும் சிரிப்பான். கட்டின பட்டுச் சேலைகளை வாங்கி வாட்ஸ்அப்பில் விற்கிற வியாபாரம்.

அம்மாவின் பீரோவில்தான் அது ஆரம்பித்தது. ஒரே ஒரு கல்யாணத்துக்குக் கட்டிவிட்டு மடித்து வைத்த சேலைகள் ஏழெட்டு கிடந்தன. சும்மா ஒன்றைப் படம் எடுத்துத் தோழிகள் குழுவில் போட்டேன். அரை மணி நேரத்தில் ஒருத்தி எடுத்துக்கொண்டாள். அப்புறம் அத்தை வீட்டுச் சேலை, பக்கத்து வீட்டுச் சேலை என்று போய், ஆறு மாதத்தில் தனியாக ஒரு குழுவே நடத்த ஆரம்பித்துவிட்டேன். "தெருவுல பழைய பட்டுச் சேல வாங்குததுன்னு கூவிட்டுப் போறான்லா, அவன் பொழப்ப நீ போன்ல பண்ணுத" என்று அம்மா கேலி செய்வாள். ஆனாலும் வீட்டுக்கு யாராவது வந்தால் முதலில் அதைத்தான் சொல்லுவாள்.

வேலை ஒன்றும் பெரிதில்லை. சேலையை டவுனில் ஒரு கடையில் பாலிஷ் போட்டு வாங்குவேன். ஞாயிற்றுக்கிழமை காலை வெயில் ஏறுவதற்குள் மொட்டை மாடிக் கொடியில் விரித்துப் போட்டுப் படம் எடுப்பேன். 'இரண்டு முறை மட்டுமே கட்டியது, கறை கிழிசல் இல்லை' என்று எழுதி அனுப்பிவிடுவேன். எனக்கென்று ஒரு கொள்கை வைத்திருந்தேன். விற்கிறவர்களிடம் ஏன் விற்கிறீர்கள் என்று கேட்கவே மாட்டேன். பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட விற்பார்கள், வட்டிக்குப் பயந்து விற்பார்கள். கேட்டால் அவர்கள் கூசிப்போவார்கள். கேட்காமல் இருப்பதுதான் மரியாதை என்று நினைத்தேன்.

ஆனால் வாங்குகிறவர்கள் விடமாட்டார்கள். எங்கள் பக்கத்தில் அடுத்தவர் நகையை வாங்கினால் உருக்கிவிடுவார்கள், அதோடு முடிந்தது. சேலையை என்ன செய்ய முடியும்? யார் கட்டினது, நன்றாக வாழ்கிறவர்கள் கட்டினதுதானா என்று கட்டாயம் கேட்பார்கள். அதற்கு என்னிடம் பதில் தயாராக இருந்தது. "எங்க சித்தி கட்டினது." எனக்கு இருப்பது ஒரே சித்தி. நான் சொன்ன கணக்குப்படி பார்த்தால் அவள் ஒரு நாளைக்கு நாலு பட்டு உடுத்தியிருக்க வேண்டும். இதைச் சொல்லித் தோழிகளோடு எத்தனையோ நாள் சிரித்திருக்கிறேன்.

அந்த ஆவணியில் பெருமாள்புரத்திலிருந்து ஒருவர் போன் செய்தார். அரசு அலுவலகத்தில் வேலை. வீட்டில் பன்னிரண்டு சேலைகள் இருக்கின்றன, எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். போனேன். சேலைகளைக் கட்டில்மேல் அடுக்கி வைத்திருந்தார். பீரோ கதவு திறந்தே கிடந்தது. ஒரு பக்கம் முழுவதும் காலி. நான் சொன்ன விலைக்குத் தலையை ஆட்டினார், பேரமே பேசவில்லை. ஹாலில் ஒரு படத்துக்கு முன்னால் சின்ன மின்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அது யாருடைய படம் என்று நான் கவனிக்கவில்லை என்றுதான் பிறகு எல்லாரிடமும் சொன்னேன். அதுவும் பொய்தான். கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தேன்.

அதில் ஓர் அரக்குப் பட்டு இருந்தது. பச்சைக் கரை, அகல ஜரிகை. படம் போட்ட பத்தாவது நிமிடத்தில் அம்பாசமுத்திரத்திலிருந்து ஓர் அக்கா குரல் பதிவு அனுப்பியிருந்தார். "யம்மா, எம் மவளுக்கு வார வெள்ளிக்கெழம வளைகாப்பு. மாப்பிள்ள வீட்டு ஆளுவ முன்னால நல்லதா ஒண்ணு கட்டி ஒக்கார வைக்கணும்லா. புதுசு எடுக்கத் தோதில்ல. வயித்துப்பிள்ளக்காரி கட்டுத சேல, அதான் கேக்கேன். யார் கட்டினதும்மா?"

நான் யோசிக்கக்கூட இல்லை. "எங்க சித்தி கட்டினதுதான்க்கா, ரெண்டே தடவ" என்று பதில் அனுப்பினேன். மறுநாளே பார்சல் போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் புது எண்ணிலிருந்து ஓர் அழைப்பு. மதுரையில் நர்சிங் படிக்கிற பெண். பெருமாள்புரத்துக்காரரின் மகள். விடுமுறைக்கு வந்து பீரோவைத் திறந்திருக்கிறாள். அழவில்லை. மெதுவாகத்தான் பேசினாள். "எட்டு மாசமாச்சுக்கா எங்கம்மா தவறி. அப்பாவால அந்தப் பீரோவப் பாக்க முடியலயாம். அதான் குடுத்துட்டாங்க. அப்பா மேல கோவமில்ல. மத்ததெல்லாம் போனாப் போகட்டும். அரக்குல பச்சக் கர போட்டது ஒண்ணு இருந்துச்சுல்லா, அது அம்மாவோட முகூர்த்தச் சேல. அது மட்டும் வேணும்க்கா."

விற்கிறவரிடம் நான் கேட்காமல் விட்ட ஒரே கேள்வி அப்படியே என் முன்னால் வந்து நின்றது. பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தேன். ஒரு பக்கம் அம்மா இல்லாத பிள்ளை அந்தச் சேலைக்காகக் காத்திருந்தாள். இன்னொரு பக்கம் ஒரு பிள்ளைத்தாய்ச்சி மூன்று நாளில் அதைக் கட்டப் போகிறாள். வாயைத் திறந்து கேட்ட அவள் அம்மாவுக்கு நான் பச்சைப் பொய் சொல்லியிருந்தேன்.

மறுநாள் காலையில் முதல் வேலையாக, விற்காமல் இருந்த ஏழு சேலைகளையும் பெருமாள்புரத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தப் பெண் வாங்கிக்கொண்டாள். அவள் அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து நின்றுவிட்டார். தன்னைவிட இருபத்தஞ்சு வயது குறைந்த என் முன்னால் தப்பு செய்த பையன் மாதிரி நின்றார். "எது முகூர்த்தச் சேலன்னு எனக்குத் தெரியலம்மா. எல்லாம் ஒண்ணு போலத்தான் இருந்துச்சு" என்றார். அன்றைக்கு நான் நிமிர்ந்து அந்தப் படத்தைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் போய்த் தன் பீரோவிலிருந்து கிளிப்பச்சைப் பட்டு ஒன்றை எடுத்து வந்து என் கையில் வைத்தாள். அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்குக் கட்டியது. அதைவிட நல்ல சேலை எங்கள் வீட்டில் கிடையாது. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

வியாழக்கிழமை கல்லூரிக்கு மட்டம் போட்டுவிட்டு அம்பாசமுத்திரம் வழியாகப் போகும் பாபநாசம் பஸ்ஸில் ஏறினேன். என் யோக்கியதையைக் கேளுங்கள். அப்போதும் உண்மையைச் சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. அரக்குப் பட்டில் ஜரிகைப் பக்கம் பூச்சி அரித்திருக்கிறது, அதற்குப் பதில் இதைக் கட்டுங்கள் என்று சொல்லிவிடலாம். வளைகாப்பும் நடக்கும், அந்தப் பெண்ணுக்குச் சேலையும் கிடைக்கும், யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை. சேரன்மகாதேவி தாண்டி வீரவநல்லூர் வரைக்கும் இதையே மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன்.

அம்பாசமுத்திரத்தில் இறங்கி விசாரித்துப் போனேன். சின்ன ஓட்டு வீடு. அந்த அக்கா வாசலில் உட்கார்ந்து, மடியில் இலையும் தூளுமாக முறத்தை, அந்தப் பக்கத்துச் சொல்லில் சொளவை, வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தார். நான் யாரென்று சொன்னதும் சொளவைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "வாம்மா, வா. இம்புட்டுத் தூரம் வந்திருக்கியே. ஏட்டி, இங்கன வந்து பாரு, சேல குடுத்த பிள்ள வந்திருக்கு" என்று உள்ளே குரல் கொடுத்தார். மகள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பைய நடந்து வந்தாள். என் வயதுதான் இருக்கும்.

சேலை சாமி படத்துக்குக் கீழே ஒரு தாம்பாளத்தில் இருந்தது. மேலே கொஞ்சம் மல்லிகைப்பூ. பக்கத்தில் அதற்கென்றே தைத்த பச்சை ரவிக்கை. "ஒங்க சித்தி நல்லா இருக்காங்களா?" என்று அந்த அக்கா கேட்டார். "அவங்கள மாதிரி எம் பிள்ளையும் பூவும் பொட்டுமா நல்லா இருக்கணும்னு சொல்லித்தான் சாமிகிட்ட வச்சிருக்கேன்."

பஸ்ஸில் மனப்பாடம் பண்ணிய ஒரு சொல்கூட வரவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு உள்ளதை உள்ளபடி சொன்னேன். சித்தி கட்டியது இல்லை, கட்டியவர் இறந்துவிட்டார், அவர் மகள் கேட்கிறாள், எல்லாவற்றையும்.

மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு பாயில் உட்கார்ந்தாள். அந்த அக்காவின் குரல் உயரவே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கேட்கிறது. "ஒங்கிட்ட கேட்டேன்லா. கேக்காம வாங்கியிருந்தா எந் தப்பு. கேட்டேன்லாம்மா."

மன்னிச்சிருங்கக்கா என்று நாலைந்து தடவை சொன்னேன். பணத்தை எடுத்து வைத்தேன். அம்மா கொடுத்த கிளிப்பச்சைப் பட்டைப் பிரித்து நீட்டி, எங்கம்மா அறுபதாம் கல்யாணத்துக்குக் கட்டினது, காசு வேண்டாம், நாளைக்கு இதைக் கட்டிக்கட்டும் என்றேன். அவர் அதைத் தொடக்கூட இல்லை.

"இதயும் நீதான சொல்லுத?" என்றார். "ஒங்கம்மா கட்டினதுன்னு நான் எத வச்சு நம்ப?"

அது உண்மை. அந்த வியாபாரத்தில் ஒரு சேலையை நீட்டி, யார் கட்டினது என்று நான் சொன்ன முதல் உண்மை அதுதான் என்று நினைக்கிறேன். அதை மெய்யென்று காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. அம்மாவுக்குப் போன் போட்டுத் தரட்டுமா என்று கேட்க நினைத்தேன், போனில் யார் குரல் வந்தால் என்ன, அவர் ஏன் நம்ப வேண்டும்? கிளிப்பச்சையை மறுபடி பையில் வைத்தேன்.

அவர் தாம்பாளத்திலிருந்து அரக்குப் பட்டை எடுத்தார். பூவை எடுத்துத் தனியாக வைத்தார். மடிப்புக் கலையாமல் ஒரு துணிப்பைக்குள் வைத்து என்னிடம் தந்தார். பணத்தை எடுத்துக்கொண்டார். "எம் பிள்ளைக்கு என்ன கட்டணும்னு நான் பாத்துக்கிடுதேன். நீ போ" என்றார். வாசலில் உட்கார்ந்து சொளவை மடிக்கு இழுத்துக்கொண்டார். அதற்குமேல் என் பக்கம் திரும்பவில்லை.

தெருமுனை வரை போயிருப்பேன். பின்னாலிருந்து கூப்பிட்டது கேட்டது. மகள் அந்த வயிற்றோடு வேகவேகமாக வந்துகொண்டிருந்தாள். நான் திரும்பி ஓடி அவள் முன்னால் நின்றேன். அவளும் திட்டப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். திட்டட்டும் என்றும் இருந்தது. அவள் மூச்சு வாங்கிக்கொண்டு என் கையிலிருந்த பையைப் பார்த்தாள்.

"அந்தப் பிள்ளகிட்ட சொல்லிருங்க. நான் இன்னும் கட்டல. மேல வச்சுத்தான் பாத்தேன். வேற யாரும் கட்டல, அவங்கம்மா கட்டினது கட்டினபடியே இருக்குன்னு சொல்லுங்க."

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். பஸ் நிறுத்தத்தில் நின்று நான் அழுதேன். பக்கத்தில் காய்கறிக் கூடையோடு நின்ற அம்மா ஒருவர் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டார். இல்லை என்றேன்.

அன்று சாயங்காலமே பெருமாள்புரம் போனேன். அந்தப் பெண் பையைப் பிரித்தாள், சேலையை விரித்துப் பார்க்கவில்லை, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் அம்பாசமுத்திரத்துப் பெண் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். "அவங்களுக்கு எத்தன மாசம்?" என்று கேட்டாள். ஏழு என்றேன். போனில் அழாத பெண் அப்போதுதான் அழுதாள். அவள் அப்பா எங்கே நிற்பது, என்ன செய்வது என்று தெரியாமல் ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து மகளிடம் தராமல் என்னிடம் தந்தார். நான் வாங்கி அவளிடம் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை வளைகாப்பு நடந்திருக்கும். அவள் என்ன கட்டி உட்கார்ந்தாள் என்று எனக்குத் தெரியாது. அந்த அக்கா குழுவிலிருந்து விலகிவிட்டார். கேட்கிற தைரியம் எனக்கு இன்றுவரை வரவில்லை. அந்த மாதமே குழுவில், சித்தி கட்டியது என்று நான் சொன்னதெல்லாம் பொய், யாருக்காவது உறுத்தலாக இருந்தால் சேலையைத் திருப்பித் தரலாம் என்று எழுதினேன். நாலு பேர் திருப்பித் தந்தார்கள். நிறையப் பேர் விலகினார்கள். படிப்பு முடிந்து இப்போது வேறு வேலையில் இருக்கிறேன். யாராவது சேலை விற்கக் கேட்டால் எடுத்துக்கொள்கிறேன், ஆனால் யார் கட்டியது என்று கேட்காமல் கையில் வாங்குவதில்லை.

என் வாய்ச்சொல்லை நம்பிக் கெட்டவள் அந்த அம்பாசமுத்திரத்துப் பெண். அப்படியிருந்தும் முகம் தெரியாத இன்னொருத்தியின் மனசு ஆற வேண்டும் என்று, தெருமுனை வரை வந்து ஒரு செய்தியை என்னிடமே கொடுத்தனுப்பினாள். அதற்குத் தகுதியானவளாக ஆக வேண்டும் என்றுதான் இன்றும் ஒவ்வொரு சொல்லையும் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கிறேன்.