ஒமேகா சாரின் நல்ல கொழுப்பு

மனைவி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்ற அந்த வியாழக்கிழமை காலையில், ஒமேகா சாரின் வாய் நிறைய ஆளிவிதை எண்ணெய் இருந்தது. ஒரு பெரிய கரண்டி எண்ணெயை வாயில் விட்டு, விழுங்காமல் நாக்குக்கடியில் ஊற வைத்தால்தான் சத்து நேராக இதயத்துக்குப் போகும் என்பது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு.

"அக்கா வீட்டுக்குப் போறேங்க. அங்க பக்கத்துலயே ஆஸ்பத்திரி இருக்கு. நெஞ்சை ஒரு தடவை காட்டிட்டு வந்துடறேன்" என்றாள் அவள்.

அவர் ஒற்றை விரலைத் தூக்கி, பொறு என்று சைகை செய்தார். அவள் விரலைப் பார்த்தாள், உப்பியிருந்த கன்னத்தைப் பார்த்தாள், படியிறங்கினாள். வீடு மூன்றாம் மாடி. இறங்கும்போதே ஒவ்வொரு தளத்திலும் நின்று அவள் மூச்சு வாங்குவது மேலே வரைக்கும் கேட்டது. அவர் விழுங்கி முடிப்பதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

சார் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கையில், காலடியில் ஓர் உபரி பிரேக்குடன், காலையிலிருந்து பொழுது சாயும்வரை உட்கார்ந்தே இருப்பது அவருடைய தொழில். உட்கார்ந்து உட்கார்ந்து அந்த இருக்கை அவருடைய அச்சிலேயே குழிந்துவிட்டது. எதிர்சாரிக் கடைக்குப் போவதென்றாலும் காரைத் திருப்பிக்கொண்டுதான் போவார். பயிற்சிப் பள்ளியின் மெக்கானிக் ஒருநாள் டயரைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். சாருக்கு உதறல் எடுத்தது அன்றைக்குத்தான். மீனிலும் விதையிலும் கொட்டைகளிலும் உள்ள ஒமேகா என்ற கொழுப்பு இதயத்துக்கு நல்லது என்று எங்கோ பாதி படித்தார். மீதியைப் படிக்க நேரமில்லாததால் அதைத் தானே இட்டுக்கட்டிச் சொல்லத் தொடங்கினார்.

"ரத்தக்குழாய்ங்கறது ரோடு. கெட்ட கொழுப்பு ரோட்டுல குறுக்க நிப்பாட்டின லாரி. நம்ம ஒமேகா இருக்கு பாருங்க, அது கிரேன். லாரியை அப்படியே இழுத்து ஓரங்கட்டிடும். கிரேன் இருக்கறப்ப லாரிக்கு ஏன் பயப்படணும்?" என்பார். பயப்படவும் மாட்டார். பேக்கரி வாசலில் காரை நிறுத்தச் சொல்லி, வெண்ணெய் வழியும் கிரீம் பன் இரண்டை உள்ளே தள்ளுவார். விரலை நக்கிவிட்டு, சட்டைப் பையிலிருந்து மீனெண்ணெய் மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொள்வார். "லாரி போயாச்சு. பின்னாலயே கிரேனையும் அனுப்பியாச்சு."

எண்ணெய் பாட்டிலின் இருப்பிடம் காரின் முன்கண்ணாடிக்குக் கீழே, பகலெல்லாம் வெயில் காயும் இடம். நாள் ஆக ஆக அதில் பழைய பெயின்ட் வாடை ஏறியது, ருசி கசந்தது. சாருக்கு ஒரே பூரிப்பு. "கசப்பு ஏறுதுன்னா சத்து ஏறுதுன்னு அர்த்தம்."

கார் கற்றுக்கொள்ள வந்த நர்ஸ் ஒருத்தி மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "சார், இது கெட்டுப் போச்சு. இந்த மாதிரி எண்ணெய்க்கு வெயில் ஆகாது. நல்லா இருந்தாலும், வெண்ணெய்க்குப் பதிலாத்தான் இதைச் சேர்க்கணும். நீங்க வெண்ணெயையும் தின்னுட்டு அது மேல இதையும் ஊத்தறீங்க."

"கிளட்சை மிதிம்மா" என்றார் சார்.

"உங்க வீட்டம்மாவுக்குப் படியேறினா மூச்சு வாங்குது, தாடையெல்லாம் இழுக்குதுன்னீங்களே. டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"டோஸை ஏத்தியிருக்கேன். ரோட்டைப் பாரு."

டோஸ் ஏறிக்கொண்டேதான் இருந்தது. கையில் காய்கறிப் பையுடன் இரண்டாம் மாடித் திருப்பத்தில் சுவரில் சாய்ந்து நின்ற மனைவியின் உள்ளங்கையில், கீழே இறங்கி வந்து இரண்டு மாத்திரை வைத்தார். பையை வாங்கிக்கொள்ளத் தோன்றவில்லை. "ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாத்துட்டு வந்துடலாமாங்க?" என்று அவள் கேட்டபோதெல்லாம் அவரிடம் ஒரே பதில்தான். "அவன் என்ன சொல்லுவான்? நல்ல கொழுப்பு பத்தலைம்பான். அதைத்தானே நான் வீட்டுலயே உக்காந்து சொல்றேன்." கடைசித் தடவை அவள் கேட்கவில்லை. பையைத்தான் எடுத்தாள்.

அடுத்த திங்கட்கிழமையிலிருந்து சார் தினமும் காலையில் போன் செய்வார். "மாத்திரை போட்டியா?"

"நல்லாயிருக்கேங்க" என்பாள்.

"நெஞ்சைக் காட்டினியா? என்ன சொன்னான்?"

"நல்லாயிருக்கேன்னு சொல்றேனே."

"நான் வேணா வரட்டுமா?"

"எதுக்கு? உங்களுக்கு வேலை கெட்டுடும்."

அதற்குமேல் அவர் தோண்டவில்லை. கூரியரில் இரண்டு பாட்டில் ஆளிவிதை எண்ணெய் அனுப்பினார். வாரங்கள் போகப் போக அவள் குரலில் ஒரு தெம்பு கூடியது. ஒருநாள் பேசிக்கொண்டே படியேறினாள். நடுவில் மூச்சு அறுபடவில்லை. அன்றைக்கு ஒமேகா சாரைப் பிடிக்க முடியவில்லை. நான்குமுனைச் சந்திப்பில் சிவப்பு விளக்குக்கு நின்றபோது, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வியர்த்துக்கொண்டிருந்த வங்கி ஊழியரிடம் சொன்னார். "இங்க இருக்கறப்ப பத்துப் படி ஏற முடியாது. இப்ப பறக்கறா. எல்லாம் எண்ணெய். டாக்டருங்க நம்மகிட்ட வந்து பாடம் கேக்கணும்." பின்னாலிருந்து ஹாரன் அடிக்கும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அவள் போய் ஆறேழு மாதம் கழித்து ஒரு மதியம், பேக்கரி வாசலில் காரை நிறுத்தியிருந்தபோது, அவளிடமிருந்து செய்தி வந்தது.

"என்னங்க, ரெண்டு இடத்துல அடைப்பு இருந்துச்சு. வந்த அன்னிக்கே சேத்துக்கிட்டாங்க. ஸ்டென்ட் வெச்சாங்க. அக்கா பையன்தான் கையெழுத்துப் போட்டான். இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா ஆள் தேறியிருக்காதுன்னு டாக்டர் சொன்னாரு. உங்ககிட்ட அப்பவே சொல்லியிருப்பேன். பாட்டிலோட ஐசியூவுக்குள்ள வந்து நின்னுடுவீங்கன்னு பயந்துக்கிட்டுச் சொல்லலை. இப்ப தினமும் நடக்கறேன், மாத்திரை ஒழுங்கா போடறேன், அவங்க குடுத்த மாத்திரை. நான் இங்கயே இருந்துக்கறேன். உங்களுக்கு ஆத்திரம் வந்தா திட்டி எழுதுங்க. ஆனா நீங்களும் ஒரு தடவை போய்க் காட்டுங்க. அதுக்கு மட்டும் பதில் போடுங்க."

சார் இரண்டு தடவை படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்றாம் தடவையும் படித்தார். பிறகு சட்டையின் மேல் பித்தானை அவிழ்த்து, உள்ளங்கையை மார்பின் வலப்பக்கம் வைத்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து இடப்பக்கம் நகர்த்தினார். மறுபடி நடுவில் வைத்தார். அழுத்திப் பிடித்தபடி, மூச்சை அடக்கிக்கொண்டு, எங்கே துடிக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தார்.