ஆக்னஸ் போட்ட இரண்டு ஓட்டுகள்

போலாரத்தில் ஆக்னஸ் டீச்சரைத் தெரியாதவர்கள் குறைவு. இருபது வருடத்துக்கு மேலாக அங்கே ஒரு பள்ளியில் கணக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். ஆனால் அவள் மலேசியாவில் ஈப்போவில் பிறந்தவள், இன்னமும் அந்நாட்டுக் குடிமகள் என்பது வீட்டாரைத் தவிர யாருக்கும் தெரியாது. ரயில்வேயில் வேலை பார்த்த ஃபெலிக்ஸைக் கட்டிக்கொண்டு 1983-ல் வந்தவள், வருடா வருடம் தங்கும் அனுமதியைப் புதுப்பித்தே காலத்தை ஓட்டிவிட்டாள்.

2005-ல், மாதாப்பூரில் வேலைக்குப் போகும் மகள் ஜெனிட்டாதான் பிடிவாதமாகச் சொன்னாள்: "போதும் மம்மி. இந்தியன் சிட்டிசன்ஷிப்புக்கு அப்ளை பண்ணுங்க."

ஆக்னஸ் விண்ணப்பம் எழுதினாள். ஃபெலிக்ஸ் நகல்களைச் சேர்த்துத் தைத்துக் கொடுத்தார். அலுவலகத்தில் குமாஸ்தா ஒவ்வொரு தாளாகப் புரட்டி ஓரிடத்தில் நின்றார்.

"அம்மா, நீங்க மலேசியா. சரி. இந்த வோட்டர் கார்டு யாருது?"

முகவரிக்கு ஆதாரம் வேண்டுமே என்று ஃபெலிக்ஸ் அவளுடைய வாக்காளர் அட்டையையும் வைத்துத் தைத்திருந்தார்.

"ஓட்டுப் போட்டீங்களா?"

"போட்டேன். தொண்ணூத்தொம்பதுல ஒரு தடவ, போன வருஷம் ஒரு தடவ."

"வெளிநாட்டுக்காரங்க ஓட்டுப் போடக் கூடாதுன்னு தெரியாதா?"

வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க ஆள் வந்தபோது அவள் பள்ளியில் இருந்தாள். வீட்டில் இருந்த ஃபெலிக்ஸ் எல்லார் பெயரையும் சொல்லிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். எந்த நாடு என்று அந்த ஆளும் கேட்கவில்லை. அட்டை வந்தபோது, "நான் போடலாமாங்க?" என்று அவள் கேட்டதும் உண்மை.

அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு வந்ததும் அதையே கத்திச் சொன்னாள். "அன்னிக்கே கேட்டேன்ல?"

"கவர்மெண்டே கார்டு குடுத்துச்சு, எதுக்கு நான் சந்தேகப்படணும்?" என்றார் ஃபெலிக்ஸ்.



குடியுரிமை அலுவலகத்தில், முதலில் வாக்காளர் பட்டியலிலிருந்து பெயரை நீக்கிவிட்டு வரச் சொன்னார்கள். தேர்தல் பிரிவில் இருந்தவர் படிவத்தை நீட்டி, இறந்துவிட்டவரா, வீடு மாறியவரா என்று கேட்டார். இரண்டும் இல்லை, வெளிநாட்டவள் என்றாள். "அப்படீன்னா பேரு எப்படி வந்துச்சு?" "அதத்தான் நானும் கேக்கறேன்!" என்று அவள் போட்ட சத்தத்தில் வரிசையே திரும்பிப் பார்த்தது. அந்தப் பெயரை நீக்க ஏழு முறை நடந்தாள். அரை நாள் விடுப்பெல்லாம் அதிலேயே கரைந்தது.

போட்ட ஓட்டுகளுக்கு எழுத்தில் விளக்கம் கேட்டபோது, வக்கீல் சீதாராமன் சுலபமான வழி ஒன்று சொன்னார். "கார்டு தப்பா வந்துடுத்து, ஓட்டே போடலன்னு அஃபிடவிட் குடுத்துடலாம்மா. யாரு போய்ப் பார்க்கப் போறா?"

"வாக்குச்சாவடியே என் ஸ்கூல்லதான் சார். என்கிட்ட படிக்கிற பசங்களோட அப்பா அம்மாவெல்லாம் க்யூவுல எனக்கு முன்னாடி நின்னாங்க." சற்று நிறுத்திச் சொன்னாள்: "யாரும் பார்க்கலன்னாலும் எழுத மாட்டேன். ஓட்டுப் போட்டது தெரியாமப் பண்ணின தப்பு. இது தெரிஞ்சே பண்றது."

இரண்டு தேர்தலிலும் வாக்களித்தேன், உரிமை இல்லை என்று அப்போது தெரியாது, பெயர் சேர்த்த படிவத்தில் என் கையெழுத்து இல்லை என்று அவளே எழுதினாள். வழக்குப் போடுவார்களோ, நாட்டைவிட்டே அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் இருந்தது. மூன்று விசாரணை நடந்தது. ஒவ்வொரு முறையும் புது அதிகாரி வந்து முதலிலிருந்து கேட்டார். மூன்றாவது அதிகாரி பழைய படிவத்தை வரவழைத்துக் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்தார். "மறைக்காமச் சொல்லியிருக்கீங்க, அதையே எழுதி அனுப்பறேன்" என்றார். கோப்பு டெல்லிக்குப் போய் ஒன்றரை வருடம் அங்கேயே கிடந்தது.

2009 ஜூனில் குடியுரிமைக்கு ஒப்புதல் வந்தது. தேர்தல் முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

உறுதிமொழி எடுக்கப் போன அன்று, அதிகாரி சாப்பிடப் போயிருப்பதாகச் சொல்லி இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார்கள். கடைசியில் ஆக்னஸ் நின்று, தாளைப் பார்த்து வாசித்தாள். கையெழுத்துப் போட்டதும் அதிகாரி எழுந்து கைகுலுக்கி, "இனிமே தாராளமா ஓட்டுப் போடலாம், மேடம்" என்றார்.

"அடுத்தது எப்போ சார்?"

"அஞ்சு வருஷம்" என்றார் அவர்.