நாலு கல் உயரம்

ஈரம் காயாத சுண்ணாம்பின் வாசனை. அதற்கடியில் பழைய அரிசிச் சாக்கின் வாசனை.

மட்டாஞ்சேரியில் எங்கள் அரிசி குடோனைத் திறந்ததும் முதலில் வந்தது அதுதான். பிறகுதான் சுவரைப் பார்த்தேன்... வெள்ளைவெளேர்.

அப்போது நான் கல்லூரியில் கெஸ்ட் லெக்சரர். தாவரவியல், வரலாறு, பொருளாதாரம் மூன்றையும் சேர்த்துச் சூழலியலில் ஒரு புதிய பட்டப்படிப்பு தொடங்க, மூன்று பேர் ஒரு வருடமாக அலைந்துகொண்டிருந்தோம். கோப்பு இரண்டு முறை திரும்பி வந்தது. லேப் எங்கே என்று கேட்டார்கள்.

எங்கள் குடோன் சுவர்தான் என்று எழுதிக் கொடுத்தேன். விருச்சிக மாதத்து, அதாவது கார்த்திகை மாதத்து, வேலியேற்றத்தில் கடல் ஏறும்போது காயல் தண்ணீர் உள்ளே வரும். வடியும்போது சுவரில் ஒரு கோடு விட்டுப்போகும். வருடத்துக்கு வருடம் கொஞ்சம் மேலே.

அதைப் பார்க்கத்தான் பல்கலைக்கழகக் குழு வருகிறது. இந்த முறையும் மறுத்தால் கோப்பை மூடிவிடுவார்கள்.

வாப்பாவுக்குப் பிறகு குடோனை நடத்துவது அக்கா. அவளிடம் பெரிய ஆட்கள் வருகிறார்கள் என்று மட்டும் சொல்லியிருந்தேன்.

“ரெண்டு சேட்டன்மாரை நிறுத்தி நேத்து முழுக்க சுண்ணாம்பு அடிச்சிருக்கேன். அழுக்கைப் பார்க்கத்தான் வர்றாங்கன்னு நீ சொன்னியா?”

சொல்லவில்லை.

குழு வந்தபோது வேலியேற்றம் தொடங்கியிருந்தது. குழுத் தலைவி கணுக்கால் தண்ணீரில் சேலையைத் தூக்கிப் பிடித்து நின்றார். நான் இல்லாத கோடுகளைக் கையால் காட்டிப் பேசிக்கொண்டிருந்தேன். அவர் சுவரைப் பார்க்கவில்லை. சாக்கு அடுக்கிய பலகை ஏன் இவ்வளவு உயரம் என்று அக்காவிடம் கேட்டார்.

“வாப்பா காலத்துல அடியில ஒரு கல்லு போதும் டீச்சர். நான் வந்தப்ப ரெண்டு. இப்ப நாலு. தண்ணி ஏறுது, நாங்களும் ஏத்துறோம்.”

தாவரவியல் சார் டார்ச்சோடு குனிந்தார். அடிக்கல்லில் உப்பு பூத்திருந்தது. வரலாற்று டீச்சர் பக்கத்திலேயே குனிந்து அந்தச் செங்கல்லில் சூளையின் முத்திரையைத் தடவித் தேடினார். யார் பாடம் முதலில் என்று ஒரு வருடம் சண்டை போட்டவர்கள்... ஒரே பலகைக்கு அடியில்.

பொருளாதாரம் என் பாடம். நிமிர்ந்து பார்த்தேன். மேல் சாக்குகள் உத்தரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தன. பலகை ஏறியதில், சின்ன வயதில் நான் ஏறிப் படுத்திருந்த மேல் வரிசைக்கு இடமே இல்லை. அது எப்போது போனது?

அனுமதி வந்தது.

இப்போது துறைக்குச் சொந்த லேப் இருக்கிறது, ஏசி இருக்கிறது. முதல் வகுப்பு மட்டும் இன்னும் குடோனில், தண்ணீருக்குள். போன விருச்சிகத்தில் புது மாணவர்கள் பலகையைத் தூக்கிப் பிடிக்க, அக்கா ஐந்தாவது கல்லை வைத்தாள்.

அவள் மறுபடி சுண்ணாம்பு அடிக்கவில்லை. அந்த வெள்ளையில் ஒரு கோடு வந்திருக்கிறது.

அன்று நான் கையால் காட்டிய இடத்துக்கும் மேலே.